மூன்றாம் தண்ணீர்

மாசி பிறந்து, பானைத் தண்ணீரில் குளிர்ச்சி குறையத் தொடங்கிய நாட்களில், உறையூர் பாக்குக்காரத் தெருவில் தெய்வானையின் வீட்டுக்கு அம்மை போட்டது. வீட்டில் இருந்த இரண்டு பெண்களும் நன்றாகத்தான் இருந்தார்கள். காய்ச்சல் அடித்தது சுவருக்கு.

விடியலில் அடுப்படிக்குப் போன தெய்வானை, குனிந்து மாவுக் குண்டானை எடுப்பதற்காக ஒரு கையைச் சுவரில் ஊன்றினாள், ஊன்றிய கையை எடுக்காமல் அப்படியே நின்றாள், ஏனென்றால் அடுப்பு இன்னும் பற்றவைக்காத அந்த அடுப்படியில் சுவர் கொதித்தது, உள்ளங்கைக்குக் கீழே சுண்ணாம்புக்கு அடியில் கடுகைவிடப் பெரிதாகவும் மிளகைவிடச் சிறிதாகவும் முத்துக்கள் வரிசையில்லாமல் தடித்து நின்றன. மகளுக்கு ஏழு வயதில் ஒருமுறை, கணவன் சிங்காரத்துக்கு அவன் சாவதற்கு முந்தின வருஷம் ஒருமுறை என்று இரண்டு அம்மை பார்த்த கை அது. அது சுவரா உடம்பா என்று யோசிக்கவில்லை. தெருக்குழாயடி வேப்பமரத்தில் இரண்டு கொத்து ஒடித்து வந்து நிலையில் செருகிற்று, கடுகு டப்பாவைப் பரணில் ஏற்றிற்று, பணியாரச் சட்டியைக் கவிழ்த்து வைத்தது. எல்லாம் முடிந்த பிறகுதான் தெய்வானை கூடத்துக்கு வந்து, பாயில் உட்கார்ந்து சடையைப் பிரித்துக்கொண்டிருந்த மகளிடம் சொன்னாள்.

"தல சீவாத இளவரசி. வீட்டுக்கு ஆத்தா வந்திருக்கா."

இளவரசி எழுந்து போய்ச் சுவரைத் தொட்டுப் பார்த்தாள். புறங்கையால், பிள்ளைகளின் கழுத்தைத் தொட்டுப் பார்ப்பதுபோல.

"ஆமாம்மா, அனலா அடிக்குது," என்றாள். சீப்பைக் கொண்டுபோய் வைத்துவிட்டாள்.

பொங்கலுக்கு வந்தவள் அவள். ஓசூரில் கம்பெனி வேலை பார்க்கும் சுதாகரனுக்குக் கட்டிக்கொடுத்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. ஒரே ஒரு பையோடு தனியாக பஸ் ஏறி வந்து இறங்கினாள், பொங்கல் முடிந்து, கரும்புச் சக்கையும் கூட்டித் தள்ளப்பட்டு, தை முழுதாகத் தீர்ந்த பிறகும் அந்தப் பை அவிழ்க்கப்படாமல் பீரோவுக்குப் பக்கத்தில் இருந்தது. தெய்வானை ஏன் என்று கேட்கவில்லை. சாப்பிட்டாயா என்று கேட்டாள், தலைக்கு எண்ணெய் வேண்டுமா என்று கேட்டாள். சாயங்காலத்தில் தெருமுனையில் அவள் பணியாரம் சுடும்போது வாங்க வருகிறவர்கள் எல்லாரும் "பொண்ணு எப்ப கெளம்புது" என்று கேட்டார்கள், "மாசி பொறந்ததும்" என்று சொல்லிச் சொல்லி, மாசி பிறந்ததும் வேறு வழியில்லாமல் முறுக்கும் அதிரசமும் சுட்டு இரண்டு டின்களில் அடைத்து வைத்தாள். வருகிற ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வந்து அழைத்துப்போவதாகப் பேச்சு. அனுப்பத்தான் வேண்டும் என்று தெய்வானை இருந்தாள். போகிறேன் என்றோ மாட்டேன் என்றோ இளவரசி சொல்லவில்லை.

வந்த நாளிலிருந்து அவள் செய்ததெல்லாம் முற்றத்தில் உட்கார்ந்திருந்ததுதான். வீட்டுக்கு நடுவில் இரண்டு பாய் விரிக்கிற அளவுக்கு வானம் பார்த்த ஒரு முற்றம் இருந்தது, அதன் ஓரத்தில் பெயிண்ட் வாளியிலும் ஓட்டைக் குடத்திலும் வாய் உடைந்த பானையிலும் சிங்காரம் வைத்துவிட்டுப் போன செடிகள் இருந்தன, முல்லை ஒன்று, நந்தியாவட்டை ஒன்று, செம்பருத்தி ஒன்று, யாரும் வைக்காமல் தானாக வந்த ஓமவல்லி ஒன்று. அவன் போனபிறகு தெய்வானைக்கு அவற்றைப் பார்க்க நேரமில்லாமல் எல்லாம் குச்சியாக நின்றன. இளவரசி அரிசி களைந்த தண்ணீரை அவற்றுக்கு ஊற்றினாள். வெயில் நகர நகர அவளும் நகர்ந்து உட்கார்ந்தாள். பங்குனி கடைசியில் அரும்பு கட்ட வேண்டிய முல்லை மாசி முதல் வாரத்திலேயே ஒரு சாயங்காலம் குச்சி தெரியாமல் பூத்தது, அடுத்த விடியலில் சுவருக்குக் காய்ச்சல் வந்தது.

இரண்டாம் நாள் முத்துக்கள் வெடித்தன. அடுப்படிச் சுவரிலும் கூடத்துச் சுவரிலும் சுண்ணாம்பைப் பிளந்துகொண்டு வந்தவை அத்தனையும் முல்லை. சேதி தெருவுக்குள் நடந்து போய், தெருக்கோடி மாரியம்மன் கோயில் பூசாரி சடையப்பனை அழைத்துக்கொண்டு வந்தது. பகலில் மின்வாரிய ஆபீசில் காவலாளியாக இருக்கும் அவர் காக்கிச் சட்டையோடு வந்து, சட்டையைக் கழற்றி வாசலில் வைத்துவிட்டு, சுவரில் காதை வைத்துக் கொஞ்ச நேரம் கேட்டார்.

"முத்து முல்லையா தொறந்திருக்கு," என்றார்.

"அப்ப இது அம்மை இல்லியா?" என்று கேட்டது எதிர்வீட்டு மெஹருன்னிசா. வாசலில் நின்ற பத்துப் பெண்களும் கேட்க நினைத்துக் கேட்காமல் இருந்தது அதைத்தான்.

சடையப்பன் தெய்வானையிடம் திரும்பினார். "காய்ச்சல் இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"முத்து போட்டுச்சா?"

"போட்டுச்சு."

"வேப்பல கட்டிட்டியா?"

"நேத்தே கட்டிட்டேன்."

"கட்டுனதுக்கப்பறம் இல்லைங்கிறது எப்படி? ஆத்தாகிட்டப் போயி, நாங்க வேற யாரோன்னு நெனச்சுக் கும்புட்டுட்டோம், நீ கெளம்புன்னு சொல்ல முடியுமா? வந்தது யாரா இருந்தாலும் இனிமே ஆத்தாதான். முறைப்படி மூணு தண்ணி ஊத்தித்தான் அனுப்பணும்."

அதில் யாருக்கும் மறுபேச்சு இல்லை. அம்மை கண்ட வீட்டு முறைகள் எல்லாருக்கும் தெரிந்தவை. தாளிக்கக் கூடாது. உலக்கை போடக் கூடாது, ஆணி அடிக்கக் கூடாது, உரத்துப் பேசக் கூடாது. மூன்றாம் தண்ணீர் ஊற்றி முத்து இறங்குகிற வரைக்கும் அந்த வீட்டு ஆள் இன்னொரு வீட்டுக்குப் போகக் கூடாது, இன்னொரு ஊருக்குப் போவதைப் பற்றிப் பேச்சே இல்லை.

தெய்வானை ஓசூருக்குப் போன் செய்தாள். மாப்பிள்ளையிடம் இதைச் சொல்ல அவளுக்குக் கூச்சமாக இருந்தது, தேதி சொல்லிவிட்டு மாறுவது அவள் பழக்கமில்லை.

"ஞாயித்துக்கெழம வர வேணாம் மாப்பிள்ளை. ஆத்தா வந்திருக்கா."

"இளவரசிக்கா?"

"இல்ல, அவ நல்லாருக்கா. வீட்டுக்குத்தான்."

"வீட்டுல யாருக்கு அத்தை?"

"செவுத்துக்கு, மாப்பிள்ளை."

சுதாகரன் மரியாதை தெரிந்த பையன். "சரிங்க அத்தை, மூணு தண்ணியும் ஊத்திட்டுச் சொல்லுங்க, வர்றேன்," என்றான்.

முதல் தண்ணீரைத் தெய்வானை மனசார ஊற்றினாள். அண்டாவில் தண்ணீர் நிறைத்து, வேப்பிலை உருவிப் போட்டு, மஞ்சள் கரைத்து, முற்றத்து வெயிலில் நாள் முழுக்கச் சுடவைத்து, முக்காலி மேல் மகளை ஏற்றிக் கீழேயிருந்து சொம்பு சொம்பாக மொண்டு கொடுக்க, மகள் சுவரின் உச்சியிலிருந்து வழிய விட்டாள். இறங்கு தாயே, குளிர்ந்து இறங்கு தாயே என்று தெய்வானை சொல்லிக்கொண்டே இருந்தாள். மறுநாள் காலையில் ஒன்று இருந்த இடத்தில் மூன்று இருந்தன. ஸ்விட்சுப் பெட்டிக்கு மேலே கொத்தாகத் தொங்கின, பீரோக் கண்ணாடியைச் சுற்றி நந்தியாவட்டை வட்டம் கட்டிற்று, சிங்காரத்தின் படத்துக்குப் பின்னாலிருந்து ஒரு கொடி எட்டிப் பார்த்து அவன் நெற்றியில் இருந்த சந்தனப் பொட்டின் மேல் ஒரு பூவை வைத்தது, வாசல் கதவின் தாழ்ப்பாள் போய் விழுகிற துளைக்குள் ஒரே ஒரு செம்பருத்தி மொட்டு உருண்டு திரண்டு உட்கார்ந்துகொண்டது.

காய்ச்சல் கடுமையாக இருந்தால் முதல் தண்ணீருக்கு ஏறித்தான் இறங்கும் என்று சடையப்பன் சொன்னார். இரண்டாம் தண்ணீருக்கு இரண்டு அண்டா வைத்தார்கள். முற்றத்துச் சாக்கடை தெருவைத் தாண்டிப் போகிறது, மஞ்சள் தண்ணீரும் தாண்டிப் போனது, அடுத்த நாள் மெஹருன்னிசா வாசலிலிருந்தே கூப்பிட்டாள்.

"தெய்வானக்கா, எங்க அடுப்படியில நாலு முத்து."

"ஐயையோ. உங்க வீட்டுக்காரரு என்ன சொல்றாரு?"

"ஆஸ்பத்திரில காட்டணுமாம். செவுத்த சைக்கிள் பின்னாடி கட்டிக்கிட்டுப் போறீங்களான்னு கேட்டேன், வாயத் தொறக்கல. வேப்பல கட்டிட்டேன். கூழு காச்சுனா எனக்கும் ஒரு சொம்பு வெய்யி."

அப்போதுதான் முற்றத்தில் ஒரு சத்தம் கேட்டது. தெய்வானை திரும்பிப் பார்த்தாள். இளவரசி செடித் தொட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்து, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள், பொங்கலிலிருந்து அந்த வீட்டில் கேட்காத சிரிப்பு, தோள் குலுங்கிக் கண்ணில் தண்ணீர் வந்தது.

"செடிக்குத் தண்ணி ஊத்துனா வளராம என்னம்மா செய்யும்?"

தெய்வானை கையிலிருந்த சொம்பைப் பார்த்தாள். சுவரைப் பார்த்தாள். அவளுக்கும் சிரிப்பு வந்தது, ஆனால் ஆத்தா இருக்கிற வீட்டில் சிரிக்கலாமா என்று தெரியாததால் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

தெரு அதைத் தனக்குள் எடுத்துக்கொண்டது. மாசி முடிவதற்குள் ஒன்பது வீட்டுச் சுவர்களில் பூ இருந்தது, ஒன்பது நிலைகளில் வேப்பிலை இருந்தது. வேப்பமரம் உச்சியில் மட்டும் தழையோடு நின்றது. பூவை யாரும் பறிக்கவில்லை, முத்தைக் கிள்ளினால் தழும்பாகும் என்று எல்லாருக்கும் தெரியும், அதனால் ஊரெல்லாம் முல்லை மணக்கிற அந்தத் தெருவில் பெண்கள் வெறுங்கொண்டையோடு நடந்தார்கள், பூக்காரி வந்து ஒருநாள் கூடையை இறக்கி வைத்து, பாக்குக்காரத் தெருவில் தனக்கு வேலையே இல்லை என்றும், பூ இல்லாத தெரு என்றால் புரிகிறது, பூ இருந்தும் வாங்க ஆளில்லாமல் போவது எந்த நியாயம் என்றும் சண்டை பிடித்துவிட்டு, அம்மை வீடு என்று ஞாபகம் வந்து குரலைத் தாழ்த்திக்கொண்டு போனாள். டீக்கடை ரேடியோ முணுமுணுத்தது. கடன்காரர்களும் மாமியார்களும் பேச வேண்டியதைப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்று ஒத்திவைத்தார்கள். சுகாதார அதிகாரி ஒருவர் புகையடிக்கிற ஆட்களோடு வந்தார், வீடு வீடாகப் போய் யாருக்காவது காய்ச்சல் உண்டா என்று கேட்டார், சுவருக்கு இருந்தது, இப்போது விட்டுவிட்டது என்று சொன்னார்கள். அவரும் தொட்டுப் பார்த்தார். பிறகு புகையடிக்கிறவர்களை அடுத்த தெருவுக்கு அனுப்பிவிட்டு, மெஹருன்னிசா கொடுத்த மோரைக் குடித்தார்.

தெருவுக்கு ஒரே ஒரு குறைதான். சாயங்காலம் நாலு மணி ஆனதும் தெருமுனையில் கடுகு வெடிக்கிற சத்தம் இல்லை. பணியாரச் சட்டி கவிழ்ந்தே கிடந்தது. ஆட்கள் பழக்கத்தில் தூக்குவாளியோடு முனைக்கு வந்து நின்று, ஒருவரை ஒருவர் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். தெய்வானைக்குக் கை பரபரத்தது. சிங்காரம் செத்த பதினாறாம் நாளே சட்டியை அடுப்பில் ஏற்றியவள், இப்போது வேலையில்லாத இரண்டு கைகளை மடியில் போட்டுக்கொண்டு மகளுக்கு எதிரே உட்கார வேண்டியிருந்தது, உட்கார்ந்தால் மகளின் முகத்தைப் பார்க்க வேண்டியிருந்தது.

அப்படிப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு நாள், விளக்கு வைக்கிற நேரத்தில், அவள் வாசல் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போடப் போனாள். துளைக்குள் செம்பருத்தி இருந்தது. விரிந்து அடங்கி மறுபடி மொட்டாகி, அந்த இடத்தை விடாமல் இருந்தது. தெய்வானை தாழ்ப்பாளை மெல்ல அழுத்தினாள்.

"அத விடும்மா," என்றாள் இளவரசி.

"தொறந்து போட்டுட்டா படுக்கிறது?"

"நேத்தும் தொறந்துதான் கெடந்துச்சு. நல்லாத் தூங்குனேன்." பிறகு கொஞ்சம் பொறுத்து, அரிசியில் கல் பொறுக்குகிற குரலில், யாருக்கோ நடந்ததைப் போலச் சொன்னாள். "ஓசூர்ல எனக்குக் கடிகாரமே தேவையில்ல. வெளிய பூட்டு விழுந்தா மணி எட்டு. பூட்டு தொறந்தா மணி ஏழு."

தெய்வானை தாழ்ப்பாளிலிருந்து கையை எடுக்கவில்லை. "பத்திரத்துக்குப் பூட்டியிருப்பாரு."

"ஆமா. அவரும் அதத்தான் சொல்லுவாரு. திட்ட மாட்டாரு, அடிக்க மாட்டாரு. சாயங்காலம் வரும்போது கேட்டதெல்லாம் வாங்கிட்டு வருவாரு. சாவி மட்டும் ஒண்ணுதான்." இளவரசி சுவரிலிருந்த ஒரு கொத்தைத் தொடாமல் அதன் பக்கத்தில் விரலை வைத்தாள். "மார்கழில கீழ்வீட்டுல சிலிண்டர் பத்திக்கிச்சு. மூணு மாடி ஆளுங்களும் எறங்கி ஓடுனாங்க. நான் கதவுக்கு இந்தப் பக்கம் நின்னுக்கிட்டு எல்லாரு செருப்புச் சத்தத்தையும் கேட்டுக்கிட்டு இருந்தேன். கடைசிச் செருப்பும் எறங்கிடுச்சு. அப்பறம் அணைச்சுட்டாங்க. ஒண்ணும் ஆகல. சாயங்காலம் வந்து பூட்டத் தொறந்தவரு, கேள்விப்பட்டேன், நல்லவேளை நீ கூட்டத்துல போயி நசுங்கலன்னாரு."

தெய்வானைக்குப் போன ஆடி மாதம் ஞாபகம் வந்தது. தெருமுனையில் பணியாரம் திருப்பிக்கொண்டே அவள் எல்லாரிடமும் சொல்லியிருந்தாள், எங்க மாப்பிள்ளை வீட்டைப் பூட்டிச் சாவியைச் சட்டைப் பையில போட்டுக்கிட்டுத்தான் வேலைக்குப் போவாரு, பொண்டாட்டி மேல அவ்வளவு அக்கறை என்று. வாங்க வந்தவர்களும் கொடுத்துவைத்தவள் என்று சொல்லியிருந்தார்கள்.

அவள் தாழ்ப்பாளை விட்டுவிட்டு உள்ளே வந்தாள். ஒரு வேப்பங்கொத்தை எடுத்து, அரிப்பெடுத்த உடம்பைத் தடவுவதுபோல, கூடத்துச் சுவரை மேலிருந்து கீழாகத் தடவிக் கொடுத்தாள். சுவர் முழுவதும் தடவி முடித்த பிறகு, மகளின் முதுகிலும் ஒருமுறை தடவினாள். அன்றைக்குக் கதவு சாத்தினபடி கிடந்தது, தாழ்ப்பாள் போடவில்லை.

அதற்குப் பிறகு தினமும் காலையில் தெய்வானை மூன்றாம் தண்ணீருக்கு அண்டாவை முற்றத்து வெயிலில் வைத்தாள், தினமும் சாயங்காலம் அதை மொண்டு மொண்டு தெருக்குழாயடி வேப்பமரத்துக்கு ஊற்றினாள். ஒரு நாள், இன்றைக்கு ஒற்றைப்படைத் தேதி இல்லை என்றாள். ஒரு நாள் வெயில் போதவில்லை என்றாள், அன்றைக்குத் தார் உருகிக்கொண்டிருந்தது. ஒரு நாள் காரணமே சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. தெருவுக்குப் புரிந்துவிட்டது. எப்படிப் புரிந்தது என்றால், பூ வந்த வீடுகளில் பேச்சு மெதுவாக நடப்பதால் பக்கத்து வீட்டில் சொல்வது நன்றாகக் கேட்கும். ஓசூரிலிருந்து சுதாகரன் தெய்வானையைக் கேட்டுச் சலித்து டீக்கடைக்குப் போன் செய்தபோது, கடைக்காரர் இன்னும் மூணாந் தண்ணி ஊத்தல தம்பி என்றார். மெஹருன்னிசாவின் வீட்டுக்காரரைக் கேட்டபோது அவரும் அதையே சொன்னார். தப்பான நம்பரில் எடுத்த பூக்காரிகூட, யார் என்ன என்று கேட்காமலே, பாக்குக்காரத் தெருவா, இன்னும் மூணாந் தண்ணி ஊத்தலையே என்றாள்.

சடையப்பன் மட்டும் ஒருநாள் காக்கிச் சட்டையோடு வாசலில் நின்று தயங்கித் தயங்கிச் சொன்னார். "உனக்குத் தெரியாததில்ல தெய்வான. ஊர்ப் பிள்ளைகளுக்காகச் சமயபுரத்தா பட்டினி கெடக்குற மாசம் இது. அவள இங்கயும் ரொம்ப நாளு உக்கார வெக்கிறது நல்லால்ல."

"தெரியுதுண்ணே," என்றாள் தெய்வானை. "எனக்காகத்தான் உக்காந்திருக்கா."

பங்குனி உத்திரம் கழிந்த ஒரு காலையில் சுதாகரன் வந்துவிட்டான். சொல்லாமல், காரில், தாய்மாமன் ரெங்கராஜுவை அழைத்துக்கொண்டு. கையில் ஆப்பிளும் சாத்துக்குடியும் இருந்தன. வெயிலில் வந்தவர்கள் அம்மை வீட்டுக்குள் போகக் கூடாது என்று தெரிந்தவர்கள் என்பதால் செருப்பைக் கழற்றிவிட்டு வாசலிலேயே நின்றார்கள், நின்ற இடத்திலிருந்து கூடம் முழுக்கத் தெரிந்தது, சுவர் தெரியாமல் வெள்ளையாகப் பூத்திருந்த அதைச் சுதாகரன் உச்சியிலிருந்து தரை வரைக்கும் பார்த்தான். தெரு ஒவ்வொரு வாசலாக வெளியே வந்து நின்றது.

"நல்லாருக்கீங்களா அத்தை," என்றான் பிறகு.

"இருக்கேன் மாப்பிள்ளை. மோரு குடிங்க."

ரெங்கராஜு மோரை வாங்கிக் குடித்துவிட்டுச் சொம்பைக் கொடுத்தார். "ஏம்மா, ஒரு வீடு எத்தன மாசந்தான் அம்மை போட்டுக் கெடக்கும்? எங்கூர்ல ஆளுங்களே பத்து நாள்ல எந்திருச்சுடுறாங்க."

"எங்க வீட்டுக்கு இன்னும் ரெண்டாந் தண்ணியே ஊத்தலண்ணே," என்றாள் மெஹருன்னிசா எதிர்வாசலிலிருந்து. "பெரிய காய்ச்சலு."

"இன்னைக்கு நாளும் சரியில்ல," என்றார் சடையப்பன், ஆத்தாவை ரொம்ப நாள் உட்கார வைக்காதே என்று சொன்னவர்.

சுதாகரன் யார் மீதும் கோபப்படவில்லை. முற்றத்தில் வெயிலில் சூடேறி நின்ற அண்டாவை அங்கிருந்தே காட்டினான். "தண்ணிதான் தயாரா இருக்கே அத்தை. ஊத்திடுங்க. எவ்வளவு நேரமானாலும் நாங்க நிக்கிறோம். வீட்ட அங்க சும்மா பூட்டிப் போட்டிருக்கு."

தெரு முழுக்கத் தெய்வானையைப் பார்த்தது. அவள் சொல்ல வேண்டிய ஒரு வரியை அத்தனை பேரும் அவளுக்காக நாக்கில் வைத்துக்கொண்டு நின்றார்கள், இன்றைக்கு முடியாது மாப்பிள்ளை, ஆத்தா உத்தரவு இல்லை, அவ்வளவுதான், சொல்லியிருந்தால் கார் திரும்பிப் போயிருக்கும். போய், சித்திரையில் வரும். வைகாசியில் வரும். ஒவ்வொரு தடவையும் ஆத்தாவை முன்னால் நிறுத்தித் தான் அவள் முதுகுக்குப் பின்னால் நிற்க வேண்டும். பசியோடு இருக்கிறவளை எத்தனை நாள் நிறுத்துவது. மகள் அடுப்படி நிலையில் நின்றாள், பிரிந்த தலையோடு, மாசியிலிருந்து சீவாத தலை, அவளும் அம்மாவைத்தான் பார்த்தாள்.

"அந்த முக்காலிய எடுத்துப் போடு இளவரசி," என்றாள் தெய்வானை.

இந்தத் தடவை அவளே முக்காலியில் ஏறினாள். இளவரசி மொண்டு கொடுத்தாள். கொடுக்கும்போது தண்ணீர் தளும்பிற்று, ஆனாலும் சொம்பு சொம்பாகக் கொடுத்துக்கொண்டே இருந்தாள். தெய்வானை இறங்கு தாயே என்று சொல்லவில்லை. போய்ச் சாப்பிடு தாயே என்று சொன்னாள். வாசலில் நின்றவர்கள், இன்னும் நாலு மடங்கு பூக்கப்போகிறது, கதவே தெரியாமல் மூடிக்கொள்ளப்போகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள், கடைசிச் சொம்பும் வழிந்து இறங்கியது, ஒரு பூ விழுந்தது, ஸ்விட்சுப் பெட்டிக்கு மேலிருந்த கொத்து விழுந்தது, பிறகு வீடு முழுவதும் விழுந்தது. ஒரு பூ விழுந்தால் கேட்காது. அத்தனையும் விழுந்தபோது மணல் லாரி கொட்டுகிற மாதிரிக் கேட்டது, தெருவின் ஒன்பது வீடுகளிலும் அந்தச் சத்தம் ஒவ்வொன்றாகத் தொடர்ந்தது, கணுக்கால் முங்குகிற அளவுக்கு வெள்ளையாகக் கிடந்தது தரை. இரண்டு தண்ணீருக்கு வளர்ந்தது மூன்றாவதற்கு ஏன் இறங்கிற்று என்று யாரும் கேட்கவில்லை. மூன்றாம் தண்ணீருக்கு இறங்க வேண்டியது, இறங்கிற்று.

"அவ்வளவுதான்," என்றார் ரெங்கராஜு. "பொண்ண முகங்கழுவச் சொல்லுங்க. ராகுகாலத்துக்கு முன்னாடி கெளம்பிடலாம்."

தெய்வானை முக்காலியிலிருந்து இறங்கி, ஈரப் புடவையோடு பூவுக்குள் நடந்து வாசலுக்கு வந்தாள். நிலையிலிருந்த காய்ந்த வேப்பிலையை உருவிக் கீழே போட்டாள்.

"ஆத்தா போயிட்டா மாப்பிள்ளை. இனிமே அவ பேரச் சொல்ல முடியாது. நாந்தான் சொல்றேன். இளவரசி வரமாட்டா."

அவனுக்கு முதலில் விளங்கவில்லை. "எப்ப வருவா?"

"வரமாட்டா."

"நான் என்ன கொற வெச்சேன் அத்தை?" அவன் நிஜமாகவே கேட்டான். தெய்வானைக்கு அவனைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது.

"ஒரு கொறையும் வெக்கல. பூட்டுதான் வெச்சீங்க."

ரெங்கராஜு ஏதோ சொல்ல வாயெடுத்துத் தெருவைப் பார்த்தார். உரத்துப் பேச அங்கே யாரும் தயாராக இல்லாததால் அவருக்கும் குரல் எழும்பவில்லை.

அதற்குள் இளவரசி உள்ளே முறத்தை எடுத்துப் பூவை அள்ளிக்கொண்டிருந்தாள். மூன்றாம் தண்ணீர் ஊற்றினால் அம்மை கண்டவர்கள் கோயிலுக்குப் போய்வர வேண்டும், வீடு எழுந்து நடக்க முடியாது, அதன் சார்பில் வீட்டு ஆள்தான் போக வேண்டும். இடுப்பில் முறமும் பிரிந்த தலையுமாக அவள் வாசற்படிக்கு வந்தாள். இரண்டு ஆண்களும் படியை அடைத்து நின்றார்கள்.

"கொஞ்சம் வழி விடுங்க," என்றாள். "கோயிலுக்குப் போறேன்."

சுதாகரன் அவள் முகத்தைப் பார்த்தான். பிறகு, சாவி இருக்கிறதா என்று பார்க்கிறவனைப் போலச் சட்டைப் பையை ஒருமுறை தொட்டுக்கொண்டு, ஒதுங்கினான்.

அவள் யாரையும் துணைக்கு அழைக்காமல் தெருவில் இறங்கி நடந்தாள். கொஞ்ச தூரம் போனதும் மெஹருன்னிசா தன் வீட்டுப் பூவை ஒரு பிளாஸ்டிக் கூடையில் அள்ளி வந்து, "இத யாரு கொண்டுபோறது, நீயே சேத்துக் கொட்டிடு" என்று முறத்தின் மேல் கவிழ்த்தாள், அடுத்த வீட்டிலிருந்தும் அள்ளி வந்தார்கள், அதற்கடுத்த வீட்டிலிருந்தும், முறம் கொள்ளாமல் போனதும் பெண்கள் மடியிலும் குடத்திலும் எடுத்துக்கொண்டு பின்னால் நடந்தார்கள். சடையப்பன் காக்கிச் சட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு கோயில் கதவைத் திறக்க முன்னால் ஓடினார். கார் எப்போது கிளம்பியது என்று யாரும் பார்க்கவில்லை. ஆப்பிளும் சாத்துக்குடியும் படியில் இருந்தன. அன்றைக்குச் சாயங்காலம் நாலு மணிக்குத் தெருமுனையில் கடுகு வெடித்தது, தூக்குவாளிகள் ஓடி வந்தன.

பூ இருந்த இடமெல்லாம் சுவரில் சின்னச் சின்னக் குழியாகத் தழும்பு நின்றது. சித்திரையில் வெள்ளையடிக்க வந்த கொத்தனார் சிமெண்டு வைத்து அடைத்துத் தருவதாகச் சொன்னார், முத்துப் போன இடத்தை யாராவது அடைப்பார்களா என்று தெய்வானை அதட்டிவிட்டாள், வெள்ளை மட்டும் அடித்தார்கள். இளவரசியின் பை அவிழ்க்கப்பட்டது. முறுக்கு டின்களைத் தெருவே தின்று தீர்த்தது.

தாழ்ப்பாள் துளை மட்டும் செம்பருத்தி இருந்த அளவுக்கு அகன்று போய், தாழ்ப்பாள் போட்டால் நிற்காமல் ஆகிவிட்டது. புதிது மாற்ற வேண்டும் என்று தெய்வானை சொல்லிக்கொண்டேதான் இருக்கிறாள். அதுவரைக்கும் விளக்கு வைத்ததும் கதவைச் சாத்தி, பெயிண்ட் வாளியில் இருக்கும் முல்லைச் செடியை உள்பக்கமாக நகர்த்தி வைக்கிறார்கள். தெருநாய் தள்ளினால் திறக்காது. உள்ளே இருக்கிறவர்கள் யார் வேண்டுமானாலும் காலாலேயே தள்ளிவிட்டு வெளியே போய்விடலாம்.